சம்பந்தியம்மாவும் ஓடாத டிவிடியும்

ஒரு காட்டில் சடையப்பன் என்றொரு கரடியார் இருந்தார். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. கரடிக்கு எதற்குக் கம்ப்யூட்டர் என்று கேட்பவர்கள், தங்கள் வீட்டில் அது எதற்கு இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு மேலே படிக்கலாம். கரடியார் அதில் இரண்டே காரியங்கள்தான் செய்வார். பகலில் சீட்டு விளையாடுவார். சாயங்காலம் பழைய சினிமா டிவிடி ஏதாவது போட்டுவிட்டுத் தூங்குவார்.

சில மாதங்களுக்கு முன் ஒருநாள் சீட்டாட்டத்தின் நடுவே திரையில் ஒரு சின்னப் பெட்டி முளைத்தது. புதிய பதிப்பு தயாராக இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டது. அதுவும் ஆட்டத்தைச் சேர்ந்தது என்று நினைத்துக் கரடியார் 'சரி' என்பதை அமுக்கினார். கம்ப்யூட்டர் மத்தியானம் முழுவதும் தனக்குத்தானே என்னவோ செய்துகொண்டது. பிறகு விழித்தபோது திரையில் வேறு ஒரு காட்டின் படம் இருந்தது. நம் காட்டைவிட நல்ல காடு என்பதால் கரடியாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது மகள் தேன்மொழிக்குக் கல்யாண வேலை வேறு ஆரம்பித்திருந்தது. டிவிடி போட அவருக்கு நேரம் ஏது?

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அப்படித்தான் கரடியார் நினைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தாயார் பர்வதம்மாள் வேறு மாதிரி நினைத்தார். மாப்பிள்ளை வீட்டாரை மண்டப வாசலில் ஒருத்தரும் வரவேற்கவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. பன்னீர் இல்லை, சந்தனம் இல்லை, வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை. தட்டுகளைக் கையில் ஏந்தி வெயிலில் நின்றுவிட்டு, தாங்களாகவே உள்ளே போய் உட்கார்ந்தார்களாம்.

கரடியார் சாயங்கால டிவிடியைக்கூட மறந்து கொதித்துப்போனார். நானே வாசலில் நின்றேன், இந்தக் கையால் மாலை போட்டேன், மேளம் கொட்டி அழைத்துப் போனேன் என்று கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. பர்வதம்மாளும் பொய் சொல்லவில்லை. இது எப்படி என்று அவசரப்பட வேண்டாம், கதை அங்கேதான் போகிறது.

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் தேன்மொழி. காபி கொடுத்தால், வாசலில் நிற்க வைத்த வீட்டுப் பெண் போட்ட காபி என்று பேச்சு வரும். குழம்பில் உப்புக் குறைந்தால், மரியாதை குறைந்த வீடுதானே என்று பேச்சு வரும். உப்பு சரியாக இருந்தாலும் வரும். மாமனார் நல்லவர். ஆனால் வாயைத் திறந்தால், "மேளச் சத்தம் கேட்டுச்சே, நீ தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்ன மும்முரத்துல கவனிச்சிருக்க மாட்ட, பர்வதம்" என்பார், அதோடு அடுத்த ரவுண்டு ஆரம்பிக்கும். மாப்பிள்ளையோ அம்மா சொன்னால் பாறையைக்கூடத் தூக்குவார். அதை இறக்கி வைக்கவும் அம்மாதான் சொல்ல வேண்டும்.

ஆடி மாதம் வந்தது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவரும் வழக்கப்படி கரடியார் போய் மகளை அழைத்துவந்தார். வந்த தேன்மொழி அம்மா கோமளத்தின் மடியில் தலைவைத்து அழுதாள். கரடியார் அன்றைக்கே சம்பந்தி வீட்டுக்கு போன் போட்டு, கல்யாண வீடியோ வரட்டும், அதில் பாருங்கள் என்று சவால் விட்டார். மறுமுனையில் பர்வதம்மாள் நிதானமாகப் பதில் சொன்னார்.

"பாக்குறேன் சம்பந்தி. ஆடி முடிஞ்ச முத ஞாயித்துக்கிழமை வர்றேன். வரவேத்தது அதுல இருந்தா, அந்தப் பேச்சை விட்டுட்டுப் பொண்ணக் கூட்டிட்டுப் போறேன். இல்லேன்னா அவ உங்க வீட்டுலயே இருக்கட்டும்."

கல்யாண வீடியோ எடுத்தது ஒரு கொக்கு. வீடியோக்காரர்களின் வழக்கப்படி அது மாதக்கணக்கில் இழுத்தடித்தது. எடிட்டிங் நடக்கிறது, கிராபிக்ஸ் நடக்கிறது என்று ஒற்றைக்காலில் நின்றபடியே சொல்லி அனுப்பிவிடும். கடைசியில் ஆடி முடியும் வாரத்தில் டிவிடி வந்து சேர்ந்தது. உறையின் மேல் மகளும் மாப்பிள்ளையும் ஒரு பூவுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கரடியார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கம்ப்யூட்டரில் போட்டார். கம்ப்யூட்டர் டிவிடியை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் கரகரவென்று முனகியது. திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதில் என்னவோ எழுதியிருந்தது. கரடியார் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அமுக்கி அதை விரட்டினார். படம் வரவில்லை. மறுபடி போட்டார், மறுபடி பெட்டி வந்தது, மறுபடி விரட்டினார்.

வாடிக்கையாளர் சேவைக்கு போன் செய்தார். அங்கே இருந்தது கிளி. தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று அது பாதி ராகத்தில் சொன்னது. கரடியார் கல்யாணத்தில் ஆரம்பித்து முழுக்கதையையும் சொல்லி முடித்தார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் சார் என்றது கிளி. போட்டாயிற்று, வரவில்லை என்றார் கரடியார். அப்படியானால் அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் சார் என்றது. ஏதோ பெட்டி வருகிறதே என்று கேட்டதற்கு, அதை மூடிவிடுங்கள் சார் என்றது. தேன்மொழி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் குரல் கெஞ்சலாக மாறுவதை அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்து, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் குரங்கை அழைத்தார்கள். குரங்கு வந்ததும் வராததுமாக மதர்போர்டு போயிருக்கும் என்றது. பிறகுதான் என்ன பிரச்சினை என்று கேட்டது. டிவிடியை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கீறல் இருக்கிறது, வாழைப்பழத் தோலால் துடைத்தால் போய்விடும் என்றது. கோமளம் ஒரு சீப்புப் பழம் கொண்டுவந்தாள். குரங்கு ஒரு தோலால் துடைத்தது, மிச்சப் பழங்களையும் வீணாக்கவில்லை. டிவிடி பளபளப்பாகிவிட்டது, படம்தான் வரவில்லை. திரையில் வந்த பெட்டியை அதுவும் படிக்காமலே மூடியது. கடைசியாகக் கம்ப்யூட்டரைப் பிரித்துத் தூசி தட்டி மறுபடி பூட்டியது. பூட்டிய பிறகு ஐந்தாறு திருகாணிகள் மிச்சமிருந்தன. இவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், எப்போதாவது தேவைப்படும் என்று சொல்லிவிட்டுக் குரங்கு மரம் தாவிப் போய்விட்டது.

இனி ஆமையாரை விட்டால் வேறு வழியில்லை. ஆமையார் என்றால் யார் என்று தெரியும்தானே? ஒரு முயலோடு ஓடி ஜெயித்தவர். ஜெயித்தது ஒருமுறைதான், சொன்னது பலமுறை. எந்த வீட்டுக்குப் போனாலும், குழாய் ரிப்பேராக இருந்தாலும் வயிற்றுவலியாக இருந்தாலும், நிதானம்தான் முக்கியம் என்று ஆரம்பித்து அந்தப் பந்தயத்தில்தான் முடிப்பார். அந்தக் கதைக்குப் பயந்தே யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. கரடியாரும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஆள் அனுப்பினார். உடனே கிளம்பிவிட்டதாகப் பதில் வந்தது.

உடனே கிளம்பிய ஆமையார் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தார். அவர் வாசற்படி ஏறிய அதே நேரத்தில் பர்வதம்மாளும் கணவரும் மாப்பிள்ளையும் வந்து இறங்கினார்கள். இந்தத் தடவை கரடியார் பாய்ந்து போய் வரவேற்றார். பன்னீரைக் கொஞ்சம் அதிகமாகவே தெளித்ததில் மாப்பிள்ளையின் சட்டை நனைந்துவிட்டது. பர்வதம்மாள் சேலையைத் துடைத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்கு வந்து, கம்ப்யூட்டருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தேன்மொழி கொண்டுவந்த காபியைத் தொடவில்லை. அவளுடைய பெட்டி கட்டித் தயாராகச் சுவரோரம் இருந்தது. அதையும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆமையார் டிவிடியை உள்ளே தள்ளினார். வழக்கம்போலப் பெட்டி வந்தது. கரடியார் பழக்கதோஷத்தில் அதை மூடக் கையை நீட்டினார். ஆமையார் அந்தக் கையைத் தடுத்துவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தார். கோமளம் ஒரு தட்டு முறுக்கைக் கொண்டுவந்து வைத்தாள். முறுக்கு தீர்ந்தது. அப்போதும் படித்துக்கொண்டிருந்தார். காட்டிலேயே திரையில் வருவதை முழுக்கப் படிக்கிற ஒரே ஜீவன் அவர்தான். மற்றவர்களைவிடப் பொறுப்பானவர் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அவருக்கு எதையும் வேகமாக மூடத் தெரியாது, அவ்வளவுதான்.

"சடையப்பா, டிவிடி ஓட்டுற புரோகிராம் புதுப் பதிப்புல கிடையாதாம். வேணும்னா தனியாப் போட்டுக்கணுமாம். இவ்வளவு நாளா அதுவே சொல்லிக்கிட்டுதான் இருந்திருக்கு. யாரும் படிக்கலியா?"

ஆமையார் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு பிளேயரைத் தேடி இறக்கினார். அது இறங்குகிற நேரத்தில் பந்தயக் கதையைத் தொடங்கினார். முயல் தூங்கப்போகிற இடத்துக்கு அவர் வருவதற்குள் திரையில் நாதஸ்வரம் ஒலித்தது.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். தேன்மொழி கையைக் கூப்பிக்கொண்டாள். அப்பா மாலையோடு நின்றால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள்.

அப்பா மாலையோடுதான் நின்றார். மண்டப வாசலில், பட்டு வேட்டியில், வீடியோவில் முகம் நன்றாக விழ வேண்டும் என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நின்றார். ஒரு வேன் வந்தது. அதிலிருந்து கனமாக ஓர் ஆள் இறங்கினார். கரடியார் ஓடிப்போய் மாலை போட்டார், பன்னீர் தெளித்தார், சந்தனம் நீட்டினார். மேளக்காரர்கள் கெட்டிமேளம் வாசித்தார்கள். மாலை வாங்கிக்கொண்டவர் கூச்சத்தோடு நெளிந்தார். அவர் ஒரு காட்டுப்பன்றி, கல்யாணத்தின் தலைமைச் சமையல்காரர். தோளில் ஒரு பெரிய கரண்டி இருந்தது. பின்னால் இறங்கிய காய் நறுக்குகிறவர்களுக்கும் தேங்காய் துருவுகிறவர்களுக்கும் கற்கண்டு வழங்கப்பட்டது. பயணம் சௌகரியமாக இருந்ததா என்று கேட்டபடியே கரடியார் பன்றியின் கையைப் பிடித்து மணமேடைவரை அழைத்துப் போனார்.

கேமரா மெல்லத் திரும்பியது. வேனுக்குப் பின்னால் வெயிலில் பர்வதம்மாள் நின்றார். கையில் தட்டு. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு செருப்புக் குவியலைத் தாண்டி, குடும்பத்தோடு தானாகவே உள்ளே போனார். கொக்கு இதை ஸ்லோ மோஷனில் போட்டு, பின்னால் ஒரு சோகப் புல்லாங்குழலையும் சேர்த்திருந்தது.

கரடியாருக்கு உடம்பு குன்றிப்போனது. இத்தனை மாதங்களாக ஊரெல்லாம் சத்தியம் செய்தது நினைவுக்கு வந்தது. எழுந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"சம்பந்தியம்மா, தப்பு முழுக்க என்மேலதான். எனக்கு என்ன தண்டனை வேணாலும் கொடுங்க. பொண்ண விட்டுட்டுப் போயிடாதீங்க."

பர்வதம்மாள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவர் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் கணவருக்குப் புரிந்தது.

"நீ சொன்னதுதான் சரி, பர்வதம்."

அந்தத் தம்பதிக்குக் கல்யாணமாகி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இந்த வாக்கியம் அந்த வீட்டில் பேசப்பட்டது அன்றைக்குத்தான் முதல்முறை. பர்வதம்மாளின் கண் கலங்கியது. மகன் பக்கம் திரும்பினார். மகனும் ஆமாம்மா, நீங்க சொன்னதுதான் என்றார். பர்வதம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்த இடத்தை மறுபடி ஒருமுறை போடச் சொன்னார். ஆமையார் போட்டார். மறுபடி போடச் சொன்னார். நான்காவது தடவை, தான் வியர்வையைத் துடைக்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, கோமளத்தைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினார்.

"பாருங்க சம்பந்தி, எப்படி நிக்கறேன் பாருங்க. இவங்க ரெண்டு பேரும் இத்தனை நாளா எனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சுன்னு நெனச்சுட்டாங்க."

கோமளத்துக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பாவம்தான் என்றாள். மனதாரத்தான் சொன்னாள். பர்வதம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். காபி ஆறிப்போயிருந்தது. அதை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காபி பிரமாதம் கண்ணு என்று தேன்மொழியைப் பார்த்துச் சொன்னார். தேன்மொழி அப்பாவைப் பார்த்தாள். கரடியார் ஆமையாரைப் பார்த்தார். ஆமையார், முயல் தூங்கப்போன இடத்திலிருந்து தொடரலாமா என்று கேட்டார்.

சாயங்காலம் பர்வதம்மாள் கிளம்பினார். ஒரு கையில் டிவிடி இருந்தது. இன்னொரு கை மருமகளின் தோளில் இருந்தது. பெட்டியை மாப்பிள்ளை தூக்கிக்கொண்டார்.

இப்போது அந்த வீட்டுக்கு யார் போனாலும் பர்வதம்மாள் உட்கார வைத்து டிவிடியைப் போட்டுவிடுகிறார். முகூர்த்தம்வரை அவர் படத்தை ஓடவிடுவதில்லை, வாசல் காட்சி முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து ஓட்டுவார். வருகிறவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். எங்க மருமக தங்கம், அவங்கப்பாதான் இப்படி என்று பர்வதம்மாள் பெருந்தன்மையோடு சொல்கிறார். மருமகளைக் குறை சொல்ல அவருக்கு நேரமே கிடைப்பதில்லை. தேன்மொழி சௌக்கியமாக இருக்கிறாள், இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டாள்.

சேதி காடு முழுக்கப் பரவியது. பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோரும் சடையப்பக் கரடியாரிடம் யோசனை கேட்க வந்தார்கள். அதற்குப் பிறகு நடந்த மான் வீட்டுக் கல்யாணத்திலும் நரி வீட்டுக் கல்யாணத்திலும் பெண்வீட்டார் சமையல்காரரைத்தான் மேளம் கொட்டி வரவேற்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேனுக்குப் பின்னால், வெயில் நன்றாக விழும் பக்கமாகப் பொறுமையாக நின்றார்கள். கொக்கு இரண்டு கேமராக்களோடு வந்திருந்தது. மாமியார்கள் முன்கூட்டியே பவுடர் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

நீதி: சம்பந்தி வீட்டாரை அவமானப்படுத்தினால் மட்டும் போதாது, நல்ல வெளிச்சத்தில் வீடியோவும் எடுத்துக் கொடுத்தால்தான் மகள் நிம்மதியாக வாழ்வாள்.