நெஞ்செரிச்சல் கல்லும் பேசாத நாத்தனாரும்

மருத்துவமனையில் பத்துப் பேர் வரிசையில் நின்றாலே முகம் சுளிக்கும் நம் மக்கள், பழைய கிடங்கு ஒன்றின் முன்னால் முந்நூறு பேராகப் பல்லிளித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே இருந்தவர் குழாய்ப் பெரியவர். பித்தளைக் குழாயின் ஒரு முனையை உங்கள் நெஞ்சில் வைப்பார். மறுமுனையில் வாயை வைத்து ஒரே உறிஞ்சு! நெஞ்செரிச்சலுக்குக் காரணமான கருங்கல் 'டங்'கென்று தட்டில் விழும். தோலில் ஒரு கீறல்கூட இருக்காது. கல் எந்த வழியாக வந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது.

நிபந்தனைகள் இரண்டு. பெரியவர் கண்ணை மூடிக்கொள்வார். திறந்தால் சக்தி கசிந்துவிடுமாம். நோயாளி பேசக் கூடாது. பேசினால் கல் திரும்ப உள்ளே ஓடிவிடுமாம். அப்படி ஒரு சுறுசுறுப்பான கல்!

கூட்டத்தில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருந்தார். இருபது வருட நெஞ்செரிச்சல்காரர். மூன்று வருடம் முன்பு தொண்டை வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்த்த டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார்.

"வயித்து அமிலம் மேல வந்து வந்து, உணவுக்குழாயோட உள்தோல் மாறியிருக்கு. இது புத்துநோய் இல்ல. ஆனா சில பேருக்குப் பின்னாடி அப்படி ஆகலாம். மாத்திரைய விடாதீங்க, சிகரெட்ட விடுங்க. சாப்பிட்ட உடனே படுக்காதீங்க. சொன்ன தேதிக்கு மறுபடி கேமரா பார்க்க வந்துடுங்க."

ஓட்டுநர் சிகரெட்டை வைத்துக்கொண்டு மாத்திரையை விட்டுவிட்டார். காரணம் பெரியவர். "கேமரா விட்டாதான் தூங்கற நோய் முழிச்சுக்கும்" என்று அவர் அருளியிருந்தார். சொன்ன தேதி மறுநாள். ஓட்டுநர் போவதாக இல்லை.

அவர் மனைவி தையல்கடைக்காரி. கெஞ்சினார், அழுதார், திட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. அன்று கடையைப் பூட்டிவிட்டு, முக்காடு போட்ட ஓர் உருவத்தைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு கிடங்குக்கே வந்துவிட்டார்.

"பெரியவரே, இவங்க என் நாத்தனார். ஒரே நெஞ்செரிச்சல்."

ஓட்டுநர் விழித்தார். "எனக்கு ஏதுடி அக்கா?"

"ஷ்! பேசாதீங்க, கல்லு உள்ள ஓடிடும்."

பெரியவர் கண்ணை மூடிக் குழாயை வைத்தார். உறிஞ்சினார். டங்! இன்னொரு உறிஞ்சு. டங்! கூட்டம் கைதட்டியது.

"ரொம்ப முத்திப்போச்சு! எண்ணெய்ப் பலகாரமா தின்னிருக்கா. மாமியாரோட சண்டை வேற. இனிமே பசி நல்லா எடுக்கும், பாரு."

தையல்கடைக்காரி முக்காட்டை உருவினார். நாற்காலியில் இருந்தது, தைத்த துணியை மாட்டிப் பார்க்கும் மரப் பொம்மை. தலையாகக் கட்டியிருந்த துணி மூட்டை தரையில் உருண்டது. கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை.

"இவங்களுக்கு வாயே இல்லீங்களே! பலகாரத்த எதால தின்னாங்க?"

பெரியவர் கண்ணைத் திறந்தார். பதில் சொல்ல வாயையும் திறந்தார். டங்! அடுத்த நோயாளிக்காகக் கன்னத்தில் அதக்கி வைத்திருந்த கல் தானாகவே தட்டில் விழுந்தது.

கூட்டத்தில் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "இருந்தாலும், பொம்மைக்கு இப்ப எரிச்சல் கொஞ்சம் கொறைஞ்சிருக்குமோ?"

தையல்கடைக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. கணவரின் கையைப் பிடித்தார். "கேமராவுக்குப் பயமா இருந்தா என் கையப் புடிச்சுக்கோங்க. நீங்க இல்லாம நான் என்னங்க பண்ணுவேன்?"

ஓட்டுநர் மறுநாள் போனார். உள்தோலில் சிறு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மோசமாகவில்லை என்று அடுத்த வாரம் முடிவு வந்தது. இப்போது மாத்திரை தவறுவதில்லை, சிகரெட்டும் போய்விட்டது.

அந்த முந்நூறு பேரில் பாதிப்பேர், பெரியவர் அடுத்து எங்கே கடை போடுகிறார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். பொம்மை ஏமாந்ததைக் குறை சொல்ல முடியாது. அதற்குத் தலையே இல்லை. நாம் என்ன சாக்குச் சொல்லப் போகிறோம்?