மில் சத்தம் நின்றதும் தாங்கள் இறந்ததாகக் கருதப்பட்டது குறித்து

திருவொற்றியூர்

மதிப்பிற்குரிய நீலமேகம் மாமாவுக்கு, தங்கள் அக்கா மகன் எழிலன் வணக்கத்துடன் எழுதுவது.

தாங்கள் நலம் என்பதை நான் அறிவேன். அத்தையும் அறிவாள். தெருவுக்குத்தான் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து ஓசூரில் மகள் மகிழினி வீட்டில் படுத்திருக்கும் தங்களுக்கு இப்படி ஒரு கடிதம் எழுத நேர்ந்ததற்கு வருந்துகிறேன். போனில் சொல்லியிருப்பேன். என் பெயர் வந்தாலே துண்டித்துவிடுகிறீர்கள். நியாயம்தான்.

எண்ணூரில் நான் வேலை பார்க்கும் ஆலையில் ஒரு பயிற்சி வைத்தார்கள். சுழலும் இயந்திரங்களின் அதிர்வை அளந்து, கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி என்று. ஆரம்பப் பாடம். நடத்தியவர் ஞானசெல்வி மேடம். காந்தம் வைத்த சிறு கருவியை மோட்டார் மேல் ஒட்டுவார். திரையில் கோடு எழும்பும். "இது போல்ட் லூஸ். இது பேரிங் போகப் போகுது" என்பார். அந்த வாரம் என் கண்ணில் வேறெதுவும் படவில்லை. பேருந்தின் ஜன்னல் கம்பி. டீக்கடை மின்விசிறி. பக்கத்து வீட்டு மிக்ஸி. உலகமே சரியாக இறுக்கப்படாத போல்ட்டுகளால் ஆனது என்று தோன்றியது.

அந்த மனநிலையில்தான் நம் மாவு மில்லில் கை வைத்தேன். தாங்கள் திரும்பி வரும்போது அது குலுங்காமல் ஓட வேண்டும். தாங்கள் ஒன்றும் பேசாமல் ஒருமுறை தலையாட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மோட்டாரின் ஒரு கால் தரையில் படியவில்லை. அதற்கடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டிச் சொருகியிருந்தீர்கள். எடுத்தேன். இரும்புத் தகடு வைத்து மட்டமாக்கினேன். பெல்ட் ஓடும் இரண்டு சக்கரங்களையும் நூல் பிடித்து நேராக்கினேன். ஸ்விட்ச் போட்டேன். தடதடப்பு இல்லை. அரைக்கும் உறுமல் மட்டும். அத்தை மில்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இன்னாடா, ஓடுதா?" என்றாள். பயிற்சிக்காக எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. நெஞ்சைப் பிடித்தபடி தாங்கள் ஆட்டோவில் போன நாளிலிருந்து தெருவில் யாரும் தங்கள் உடல்நிலையை விசாரிக்கவில்லை. தேவைப்படவில்லை. மில் ஓடினால் அடுத்த வீட்டுக் குப்பம்மா அக்காவின் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். "மில்லு ஓடுது, நீலமேகம் நல்லாகீறாரு" என்று அவர் தெருவுக்கு அறிவிப்பார். நம் தெருவில் சாவு விழுந்தால் மட்டுமே மில் நிற்கும்.

ஆக, மறுநாள் காலை டம்ளர்கள் கிணுகிணுக்கவில்லை, மிச்சமிருந்த உறுமலைக் கண்டெய்னர் லாரிகள் விழுங்கிவிட்டன, குப்பம்மா அக்கா கொஞ்ச நேரம் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மில்லுக்கு ஓடி வந்திருக்கிறார், அத்தையோ ஓட்டலுக்கு அரைத்து நிறுத்திவிட்டு, வேறு ஆள் வராததால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள், நெற்றியெல்லாம் மாவு, மாவுக்கடியில் பொட்டு இருப்பது யாருக்குத் தெரியும், "ஐயோ குணா! பொட்டு எங்கடீ!" என்று அவர் அத்தையைப் பார்த்து அலற, குப்பம்மா வீட்டில்தான் ஏதோ நடந்துவிட்டது என்று அத்தை பதறி, "இன்னாக்கா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்க, "அத என் வாயால சொல்லணுமாடீ?" என்று அவர் மார்பில் அடித்துக்கொள்ள, இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், உள்ளே ஸ்பேனரோடு நின்ற நானும், கடலுக்குப் போன குப்பம்மா மகனை நினைத்து அழுதேன், மூன்று பேரும் நல்லபடியாக அழுது முடிப்பதற்குள் ஆட்டோ ஸ்டாண்டு ரகுபதி அண்ணன் முனையில் 'கண்ணீர் அஞ்சலி' பேனர் கட்டிவிட்டார், கூலிங் கிளாஸ் போட்ட தங்கள் படம், தோள் மேல் யாருடையதோ வெட்டப்பட்ட கை, கட்டிய கையோடு மகிழினி எண்ணுக்குப் போன் போட்டு "பாடி எப்ப வருது பாப்பா?" என்று கேட்டிருக்கிறார், எடுத்தது தாங்கள், "எந்த பாடிடா?" என்றீர்கள், "மாமு... நீயா பேசுற?" என்றார், அதற்குத் தாங்கள் சொன்னது எழுத்தில் வராது, அவர் போனை ஆட்டோவிலேயே போட்டுவிட்டு ஓடினார்.

விஷயம் தெரிந்ததும் அத்தை ஓய்ந்து உட்கார்ந்தாள். "காலைல கூட இட்லி வாணாம்னு மகிகிட்ட சண்ட போட்டாரு. செத்தவரு சண்ட போடுவாராக்கா?"

"அப்ப பொட்டு?" என்றார் குப்பம்மா அக்கா, விடாமல்.

அத்தை புறங்கையால் நெற்றியைத் துடைத்துக் காட்டினாள்.

பேனர் இன்னும் இருக்கிறது. "மாமு வந்து பாக்கட்டும். படம் சூப்பரா வந்துகீது" என்கிறார் ரகுபதி அண்ணன்.

ஞானசெல்வி மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "முதல் நாள் காலை வகுப்புல இருந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை. லாரி வரிசையில் என் பேருந்து நின்றுவிட்டது. "அன்னைக்குத்தான் சொன்னேன். மெஷின் நல்லா இருக்கும்போது எப்படி அதிருதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். அதுக்கு மேல கூடினா பயப்படணும். திடீர்னு குறைஞ்சாலும் பயப்படணும்."

குப்பம்மா அக்கா சரியாகவே பயந்திருக்கிறார். நோயை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டார்.

என் வருத்தம் வேறு. இத்தனை நாளில் ஒருமுறைகூட நான் ஓசூருக்கு வரவில்லை. மோட்டார் மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். தங்கள் பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

நாளை காலை எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடுகிறேன். தகட்டை எடுத்துவிட்டுச் செருப்புத் துண்டை வைப்பேன். சக்கரங்களைக் கோணலாக்குவேன். டம்ளர்கள் கிணுகிணுக்கும். தெரு நிம்மதியாகும். ஒரே சந்தேகம்: செருப்பின் குதிகால் பக்கம் சுவரைப் பார்த்து இருந்ததா, வாசலைப் பார்த்தா? மகிழினியிடம் சொன்னால் போதும். என்னோடு பேச வேண்டியதில்லை.

காயம் ஆறி, பிறகு கோபமும் ஆறி, தாங்கள் நெடுநாள் வாழ வேண்டும். தெருவின் சார்பிலும் இதையே கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் தங்கள்,
எழிலன்

பி.கு.: இன்று காலை ஸ்பேனரோடு மில்லுக்குப் போனேன். அத்தை வாசலில் குறுக்கே நின்றாள். செருப்புத் துண்டைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டாளாம். "இத்தினி வருசமா இது குலுங்குன குலுக்குல, படுத்தா கூட கை உதறிக்கினே கெடக்கும். இப்ப பாரு" என்று கையை நீட்டினாள். அசையவில்லை. "மெஷின தொட்ட, உன் கைய ஒடிச்சிருவேன்."

"அப்ப மாமா நல்லா இருக்காருன்னு தெருவுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"அத மில்லு ஏன்டா சொல்லணும்? அவரயே வந்து வாசல்ல குந்தச் சொல்லு."

தங்களுக்காக ஸ்டூல் போட்டுவைத்திருக்கிறாள். ஒரு கால் ஆடுகிறது. நான் தொடவில்லை.