வெறும் பலகைக்காரர்

மனித குலத்தில் 'வெறும் பலகைக்காரர்' என்றொரு வகை உண்டு. இணையதளம் நடத்துவார். ஊரார் அதில் விளம்பரம் போடுவார்கள். அதனால் யாருக்காவது நல்லது நடந்தால் "எங்க தளத்தாலதான்" என்று மாலை போட்டுக்கொள்வார். கெட்டது நடந்தால் "நாங்க வெறும் பலகைதானே, எவன் எதை ஒட்டினான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கையை விரிப்பார். இதே ஆள்தான், இதே பலகைதான்.

எங்கள் தாய்சுங் நகரில் நான் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கும் கட்டடத்திலேயே, மூன்றாம் மாடியில், இந்த வகையின் உயர்ந்த மாதிரி ஒருவர் இருந்தார். பெயர் துங் யாவ்-லின். வேலை தேடுவோருக்கான தளம் அவருடையது. மோசடி என்று தெரிந்தும் ஒரு விளம்பரத்தை விட்டுவைத்தால் குற்றம், தெரியாதவரை குற்றமில்லை என்று அவருடைய வக்கீல் ஒருநாள் சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து தெரியாமல் இருப்பதை துங் ஓர் உடற்பயிற்சியாகவே செய்துவந்தார். யாராவது கைபேசியை நீட்டி "இதைக் கொஞ்சம் பாருங்க" என்றால் போதும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அதற்காக அவருக்குப் பார்வை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மனைவியின் கடையில் பால் தேநீர் தண்ணியாக இருக்கிறது என்று தளத்தில் எவனாவது எழுதினால், அந்தத் தேநீர் ஆறுவதற்குள் எழுத்து காணாமல் போகும். கணினிகள் அடம்பிடிக்காமல் ஓட வேண்டும் என்று அவற்றின் தலைமேல் பச்சை உறையில் சோளப்பொரி வைப்பது எங்கள் ஊர் வழக்கம். வேறு நிறமென்றால் கணினிக்குக் கோபம் வரும். அந்த உறையின் காலாவதி தேதியை, எறும்பு அளவு எழுத்தை, துங் கண்ணாடி இல்லாமலே படிப்பார்.

இவரிடம்தான் பெங் அம்மாள் வந்தாள். அடுத்த தெருவில் முடி திருத்தும் கடை வைத்திருப்பவள். அவள் மகள் ருவே-ஷான் அந்தத் தளத்து விளம்பரம் ஒன்றை நம்பிக் கடல் தாண்டிப் போனாள். தொலைபேசியில் பேசும் வேலை, விமானச் சீட்டும் சாப்பாடும் இலவசம், அனுபவம் தேவையில்லை என்று போட்டிருந்தது. போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு ஒரு கட்டடத்தில் பூட்டிவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களைத் தொலைபேசியில் ஏமாற்றிப் பணம் பறிக்க வேண்டும், முடியாது என்றால் அடி. ஒரே ஒருமுறை அம்மாவைக் கூப்பிட்டு அழுதிருக்கிறாள். விளம்பரம் மட்டும் தளத்தில் இன்னும் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது.

"முதலாளி, அதை எடுங்க. போட்டவன் யாருன்னு போலீஸுக்குச் சொல்லுங்க. என் பொண்ணு எங்க இருக்கான்னாவது தெரியும்."

"அக்கா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா நாங்க வெறும் பலகை. போட்டவங்க விவரமெல்லாம் நாங்க வச்சுக்கறதில்ல."

"பலகைன்னா அது ஏன் எல்லாத்துக்கும் மேல நிக்குது? பக்கத்துல நெருப்புப் படம் வேற."

"அதெல்லாம் கம்ப்யூட்டர் பண்றது."

"கம்ப்யூட்டர் யாரோடது?"

துங் கண்ணாடியைக் கழற்றினார்.

அவள் போய் முறையிட்ட அரசு வழக்கறிஞரோ, துங் தெரிந்துதான் விட்டுவைத்தார் என்பதற்கு ஆதாரம் கொண்டு வா என்றார். ஒரு மனிதனுக்குத் தெரியும் என்பதை ஒரு தாய் எங்கே போய் வாங்கிவருவாள்?

சந்திர மாதத்தின் பதினாறாம் நாள் வந்தது. வியாபாரம் செய்கிறவர்கள் வாசலில் மேசை போட்டு மண்தெய்வத்துக்குப் படைக்கும் நாள். துங்கும் பழம், பிஸ்கட், சோளப்பொரி எல்லாம் அடுக்கி ஊதுபத்தி ஏற்றினார். பூசையைத் தளத்திலேயே நேரலையாகக் காட்டுவது அவர்கள் கம்பெனிப் பெருமை. பெங் அம்மாளும் தன் பங்குக்கு ஒரு கட்டு ஊதுபத்தியோடு வந்து ஓரமாக நின்றாள். சாமி கும்பிட வந்தவளை யார் விரட்டுவது?

துங் முறைப்படி பெயர், முகவரி, தொழில் எல்லாம் சொன்னார். சொல்லாவிட்டால் அருள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுமே. "வேலைத்தளம் நடத்துறேன் சாமி. நாங்க வெறும் பலகை. வியாபாரம் பெருகணும்" என்று, சாமியின் பதிலைக் கேட்கும் பிறை வடிவ மரத்துண்டு இரண்டையும் தரையில் போட்டார். இரண்டிலும் தட்டைப் பக்கம் மேலே. சாமி பதில் சொல்லாமல் சிரிக்கிறார் என்று அர்த்தம். மறுபடி போட்டார். இரண்டும் கவிழ்ந்தன. முடியாது என்று அர்த்தம்.

"பலகைன்னா சாமிக்கு என்ன புரியும்? மரக்கடைன்னு நினைச்சிருப்பாரு" என்றாள் பெங் அம்மாள். "செய்யற வேலையை உள்ளபடி சொல்லுங்க முதலாளி."

சரிதானே என்று ஊழியர்களும் தலையாட்டினார்கள். துங் குரலைக் கூட்டினார். "பலகைன்னு சும்மா சொன்னேன் சாமி. ஒவ்வொரு விளம்பரத்தையும் நாங்களே பாத்துத்தான் ஏத்தறோம். எது மேல நிக்கணும்னு நாங்கதான் முடிவு பண்றோம்."

சாமி மறுபடியும் சிரித்தார்.

துங்குக்கு வியர்த்துவிட்டது. "வெளிநாட்டு வேலை விளம்பரம்தான் நல்லா ஓடுது சாமி. போனவங்க மாட்டிக்கிட்டாங்கன்னு புகார் வருது, எல்லாத்தையும் படிச்சேன். எடுத்தா வியாபாரம் படுத்துடும், அதான் எடுக்கல. நீங்கதான் பாத்துக்கணும்."

துண்டுகளைப் போட்டார். ஒன்று நிமிர்ந்தது, ஒன்று கவிழ்ந்தது. சாமி சம்மதித்துவிட்டார். ஊழியர்கள் கைதட்டினார்கள். நேரலை ஓடிக்கொண்டே இருந்தது. பெங் அம்மாள் மூன்று முறை குனிந்து கும்பிட்டுவிட்டு, நேராக அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு நடந்தாள்.

அன்று சாயங்காலமே விளம்பரம் இறங்கியது. வைத்துக்கொள்ளவே இல்லை என்ற விவரங்களெல்லாம் மூன்றாம் மாடியிலேயே கிடைத்தன. கிளம்பவிருந்த இரண்டு பெண்களை விமான நிலையத்தில் நிறுத்தினார்கள். ருவே-ஷான் சில மாதம் கழித்துப் பாதி உடம்பாகத் திரும்பி வந்தாள். இன்றும் தொலைபேசி மணி அடித்தால் அவள் அறையை விட்டு வெளியே போய்விடுகிறாள்.

நீதிமன்றத்தில் துங், அது தனக்கும் சாமிக்கும் நடுவில் நடந்த பேச்சு என்றார். "அப்படியானால் சாமியிடம் பொய் சொன்னீர்களா?" என்று கேட்டார் நீதிபதி. துங் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தண்டனை கிடைத்தது, தளமும் போயிற்று.

நன்றாக வேண்டும் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த விளம்பரத்தை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று விசாரணையில் ருவே-ஷானைக் கேட்டார்கள். அவள் துங்கின் தளத்துக்கே போனதில்லையாம். அவள் சித்தி, தாமரைப் பூவும் காலை வணக்கமும் போட்ட படத்தோடு, "யாருக்காவது உதவும்" என்று அதைக் கைபேசியில் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவைத்தாளாம். சித்தியைக் கேட்டதற்கு, "வந்ததை அப்படியே அனுப்பினேன், நானா எழுதினேன்?" என்றாளாம்.

உங்கள் குடும்பக் குழுவிலும் வேலை தேடும் பெண் ஒருத்தி இருப்பாள். இன்று காலை நீங்கள் அனுப்பியதை அவள் படித்துவிட்டாள். நீங்கள் படித்தீர்களா?