மாடியம்மாவின் தாடி

“ஏங்க, இறங்குங்க! அது ஒட்டடை இல்லீங்க!”

மனைவி கத்தியபோது கண்ணாடிக்காரர் முக்காலியின் மேல் நின்றிருந்தார். படிக்கட்டு மூலையில் வெகுநாளாகத் தொங்கிக்கொண்டிருந்த சாம்பல் நிறப் பொதி இப்போது அவருடைய ஒட்டடைக்கம்பின் நுனியில் சுருண்டு கிடந்தது. ஒரே சுழற்றில் பிடுங்கிய பெருமை முகத்தை விட்டு இன்னும் இறங்கவில்லை.

“ஒட்டடை இல்லாம வேற என்ன?”

“செடிங்க! மாடியம்மாவோட செடி!”

“செடின்னா வேர் எங்க? மண் எங்க? தொட்டி எங்க?”

“அதுக்கு ஒண்ணுமே வேண்டாமாம். சும்மா தொங்கிக்கிட்டு, காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சே வாழுமாம். அன்னாசிக்குச் சொந்தம்னு அவங்க சொன்னாங்களே, காதுல வாங்கலையா?”

“அன்னாசிக்கு எந்தப் பக்கத்துச் சொந்தம்?”

“இப்ப அதுவா முக்கியம்?”

ஊரில் பாதிப் பேருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டவர் அவர். கடைப் பலகையில் ஆள் உயரத்துக்கு ஒரு கண் வரைந்து வைத்திருப்பார். அப்பேர்ப்பட்டவருக்குச் செடிக்கும் ஒட்டடைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கொழுந்தியாள் வருகிறாள் என்பதற்காகக் கல்யாணமான பிறகு முதல்முறையாக ஒட்டடைக்கம்பைத் தொட்டிருந்தார். தொடாமலே இருந்திருக்கலாம்.

மாடியம்மா வேறு யாருமில்லை, வீட்டுக்காரம்மாதான். சுவரில் ஆணி அடித்தார் என்று ஒரு குடித்தனத்தையும், குளிக்கும்போது விசில் அடித்தார் என்று இன்னொரு குடித்தனத்தையும் காலி செய்ய வைத்தவர். இந்த மாதம்தான் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். எதிரே கடை, பின்னாலேயே மகளின் பள்ளிக்கூடம். இப்படி ஒரு வீட்டை விட்டால் இன்னொன்று வாய்க்காது.

அந்தச் செடிக்கு மாடியம்மா வைத்த பெயர் ‘தாடி’. காலையில் எழுந்ததும் குழந்தைக்கு முகம் கழுவிவிடுவது போல அதற்குத் தண்ணீர் தெளிப்பார். பெற்ற மகனைக்கூட அப்படிக் கொஞ்சியதில்லை என்று மருமகளே சொல்லியிருக்கிறாள். செடிச் சங்கத் தலைவர் ஒரு தடவை தாடியைக் கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போனார். பரிசு தலைவர் வீட்டுத் தாடிக்குக் கிடைத்தது. “வண்டியில போய்ட்டு வந்த அலைச்சல்ல அப்போ வாடினதுதான், இன்னும் தேறலை” என்று மாடியம்மா புலம்பாத நாளில்லை.

“வெளியே போனவங்க திரும்பி வர்றதுக்குள்ள மறுபடி மாட்டிடுங்க” என்றாள் மனைவி.

“இப்படியேவா? பல்லி முட்டை, பூச்சி இறக்கை எல்லாம் ஒட்டியிருக்கு பாரு. ஒரு அலசு அலசிடறேன்.”

அங்கேதான் சனி பிடித்தது. வெறும் தண்ணீரில் அலசியிருந்தால் தொலைந்தது. இவர் வாளியில் சோப்புத்தூளைக் கொட்டி, தாடியை முக்கிவிட்டு, கடையில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் வாளித் தண்ணீர் கருகருவென்றிருந்தது. தாடி வெள்ளைவெளேர் என்று மிதந்தது.

“கொன்னுட்டீங்களே!” மனைவி தலையில் கை வைத்தாள்.

அவர் ஓர் இழையை எடுத்து உருட்டிப் பார்த்தார். “நூல் மாதிரியே இருக்கேம்மா?”

“அதான் அதோட விசேஷமாம். ஆராய்ச்சியை அப்புறம் வச்சுக்குங்க, முதல்ல மாட்டுங்க!”

மாட்டினார். சாயங்காலம் மாடியம்மா வந்தார். படியில் ஒரு கால், தரையில் ஒரு கால், வாய் பிளந்தபடி நின்றார். கீழே கதவிடுக்கில் கணவனும் மனைவியும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

“தாடி பூத்திருக்கு!” மாடியம்மா கூவியது தெருக்கோடி வரை கேட்டது. “தம்பி, வந்து பாருங்க! மொத்தமா வெள்ளையாப் பூத்திருக்கு!”

“ஆ... ஆமாம்மா. நானும் காலையிலேருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“ஞாயித்துக்கிழமை தலைவரைக் கூட்டிட்டு வந்து காட்டப்போறேன். பரிசு வாங்கின மனுஷர் வயிறு எரியட்டும்!”

தலைவர் செடி விஷயத்தில் புலி. பார்த்த மாத்திரத்தில் குட்டு உடைந்துவிடும்.

ஆனால் அந்தப் புலியின் கண்ணாடி இவர் கடையில்தான் கிடந்தது, புது லென்ஸ் போடுவதற்காக. சனிக்கிழமை தலைவர் வந்து நின்றார்.

“ரெடியா தம்பி? நாளைக்கு ஒரு செடி பார்க்கப் போகணும்.”

இத்தனை வருஷத் தொழிலில் அவர் யாருக்கும் பவர் மாற்றிக் கொடுத்ததில்லை. அன்று கை தானாகப் பக்கத்துத் தட்டுக்குப் போனது. தையல்கார அம்மாவின் கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

“பிரேம் கொஞ்சம் பூப்போட்டிருக்கே?”

“புது மாடல் ஐயா.”

“எல்லாம் மங்கலா தெரியுதே?”

“புது லென்ஸ். ரெண்டு நாள்ல பழகிடும்.”

ஞாயிற்றுக்கிழமை தலைவர் வந்தார். வாசலில் மாட்டியிருந்த குடைக்குக் கும்பிடு போட்டு நலம் விசாரித்தார். கண்ணாடிக்காரருக்கு நிம்மதி. அது ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை.

“தூரத்துல சரியா தெரியலை. கழற்றிக் கையில கொடுங்க” என்றார் தலைவர்.

முக்காலியில் ஏறிக் கழற்றியதும் கண்ணாடிக்காரர்தான்.

தலைவர் வாங்கினார். தடவினார், உருட்டினார், கடைசியில் மூக்கருகே கொண்டுபோனார்.

“ஏதோ வாசனை வருதே?”

மனைவி கதவுக்குப் பின்னால் மறைந்தாள்.

“பூ வாசனை!” என்றார் மாடியம்மா.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அபூர்வமான பூப்பு அம்மா. நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஒண்ணு மட்டும் சொல்றேன். இதை யார் கண்ணுலயும் காட்டாதீங்க, கண்காட்சிக்கும் கொண்டுவராதீங்க. திருஷ்டி பட்டுடும்.”

மாடியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. “தம்பி குடி வந்த ராசிதான் தாடி பூத்திருக்கு. ஒப்பந்தத்தை நாளைக்கே எழுதிடுவோம்!” என்றார்.

உயிர் திரும்பி வந்த கண்ணாடிக்காரர், தலைவரை வழியனுப்பத் தெருவாசல் வரை போனார். பெரியவர் வாசல் கம்பத்தின் தோளில் தட்டி “வர்றேன் தம்பி” என்று விடைபெற்றுக்கொண்டு, மாட்டுவண்டிக்குக் குறுக்கே காலை வைத்தார். அவரை இழுத்து நிறுத்தியபோது இவருக்கு மனசாட்சி தாங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சரியான கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டினார்.

“மன்னிச்சிடுங்க ஐயா. நீங்க அந்தச் செடியைச் சரியாப் பார்த்துடக் கூடாதுன்னுதான் மாத்திக் கொடுத்துட்டேன். ஒட்டடைன்னு நினைச்சுப் பிடுங்கி, சோப்புத்தூள்ல போட்டு...”

தலைவர் அண்ணாந்து மாடியைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை என்று உறுதியானதும் இவர் காதருகே குனிந்தார்.

“தரை துடைக்கிற மாப்பைப் போய் யாராவது வெளுப்பாங்களா தம்பி? கண்காட்சி முடிஞ்சு நான் அதை அங்க மாட்டினப்போ, செடி மாதிரியே எவ்வளவு அம்சமா அழுக்கா இருந்துச்சு!”