மீனம்மாள் கல்லும் மேலிடத்து ஆணையும்

கடலோர மாவட்டங்கள் யாவும் தத்தம் கரையிலுள்ள எழில்மிகு பாறைகளைப் படமெடுத்து உடனே அனுப்பவேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. புதுக்கோட்டைக் கரையில் இருப்பது முழங்கால் சேறு என்பது மேலிடத்துக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்திருந்தால் அது ஏன் மேலிடமாக இருக்கப்போகிறது?

படமெடுக்க வேண்டியவன் சூர்யபிரகாஷ். பல வருசமாக ஆபீசில் தற்காலிகப் போட்டோகிராபர். வேலை நிரந்தரமானால்தான் பெண் தருவோம் என்று நிச்சயம் பேசிய வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"சார், நம்ம கரையில பாறையே கெடையாதுங்க," என்றான் அதிகாரி கோபிநாத்திடம்.

"ஏம்ப்பா, பாறை இல்லாத மாவட்டத்துக்கு ஆணை வருமா?"

"நேர்ல பாத்துட்டுத்தான் சார் வாரேன்."

"ஆணை வந்திருச்சுல்ல, அப்ப இருக்கும். படத்தைக் கொண்டா, ஒன்னைய நிரந்தரமாக்க எழுதுறேன்."

பாவம், கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே வேகாத வெயிலில் அலைந்தான். அங்கே மீனம்மாள் கருவாடு காயப்போட்டு, காக்காய்க்குப் பயந்து மேலே வலை விரித்திருந்தாள். வலை பறக்காமலிருக்க மூலைக்கொரு கல். ஒவ்வொன்றும் தேங்காய் அளவு.

"ஏது ஆத்தா கல்லு?"

"குடுமியான்மலையில மகளைக் கட்டிக்குடுத்திருக்கேன். அங்கிட்டிருந்து பஸ்ல மடியில வச்சுக் கொண்டாந்தேன். இங்கிட்டு காக்காய வெரட்டக்கூட கல்லு கெடையாதே, தம்பி."

கெஞ்சிக் கல்லை இரவல் வாங்கி, தண்ணீர் ஓரத்தில் வைத்து, சேற்றில் குப்புறப் படுத்து எடுத்தான். படத்தில் நாலும் வானத்தை முட்டிக்கொண்டு நின்றன.

மேலிடத்தில் அந்தப் படத்துக்கே முதல் பரிசு. உடனே கல்லைச் சுற்றிக் கயிறு கட்டி, 'இயற்கையின் பெருங்கொடை, தொடாதீர்' என்று போர்டு வைத்தார்கள். வேன் வேனாக ஜனம் வந்தது.

"இதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்?" என்றாள் மதுரைக்காரி ஒருத்தி. புருசன் யோசித்தான். சின்னக் கல் என்று ஊரில் போய்ச் சொன்னால் மானம் போகும். பேசாமல் குப்புறப் படுத்து ஒரு படம் எடுத்து, 'பிரமாண்டம்' என்று எழுதிப் போட்டான். அதைப் பார்த்து வந்தவர்களும் அப்படியே செய்தார்கள்.

மீனம்மாள்தான் வயிறெரிந்து சூர்யபிரகாஷிடம் வந்தாள். "வலை பறக்குது, கருவாடெல்லாம் காக்கா வாயில. என் கல்லக் குடு."

"குடுத்தா வேலை போயிரும் ஆத்தா. கல்யாணமும் நின்னுரும். நாளைக்கு மேலிடத்து அய்யா பாக்க வாராரு."

அவள் கரையைப் பார்த்தாள். "அப்ப ஒண்ணு செய்யி. சும்மா குப்புறக் கெடக்குற சனத்த என் வலை ஓரமாப் படுக்கச் சொல்லு."

மறுநாள் 'படமெடுக்க உகந்த இடம்' என்று வலையோரம் இன்னொரு போர்டு முளைத்தது.

மேலிடத்து அய்யா வந்தார். கல்லைப் பார்த்தார். அய்யா சுற்றுமுற்றும் பார்த்தார். அத்தனை பேரும் வலையோரம் குப்புறக் கிடந்தார்கள். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தாமும் படுத்தார்.

"பிரமாண்டம்," என்றார். படுத்தபடியே நிரந்தர ஆணையில் கையெழுத்தும் போட்டுவிட்டு எழப்போனார்.

"சார், அசையாமக் கெடங்க," என்றாள் மீனம்மாள். "அந்த மூலையிலதான் காத்து அதிகம்."