லிஸ்பனிலிருந்து வந்த மோர்

புரட்சியைக் கண்டு போர்ச்சுகல் நைனா அளவுக்கு நடுங்கியவர் உலகத்து அரண்மனைகள் எதிலும் இருந்திருக்க மாட்டார். இத்தனைக்கும் அவர் ராஜா இல்லை. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையொன்றில் தொழிலாளர் வருகையைக் குறிக்கும் டைம் கீப்பர். எழுபதுகளில் நான் அவருக்குப் பக்கத்து மேஜை குமாஸ்தா.

பொன்னேரியிலிருந்து ரயிலில் வரும்போதே பேப்பரில் வெளிநாட்டுச் செய்தியைப் படித்துவிட்டு, வேர்த்துக் கொட்ட வந்து இறங்குவார். புரட்சி அம்மை மாதிரி, நாடு விட்டு நாடு ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கட்சி.

"பிரான்ஸ்காரன் ராஜாவ தூக்கினான். அத்த கேட்டு ஹைத்தியில அடிமைங்க கெளம்பினாங்கோ. ரஷ்யாவ பாத்து சீனா. இப்ப இன்னா ஆச்சி தெரியுமா? ஆப்பிரிக்காவுல புரட்சிய அடக்கப் போன போர்ச்சுகல் சோல்ஜருங்க, அத்த அங்கயே கத்துக்கினு வந்து சொந்த ஊரு லிஸ்பன்ல பண்ணிட்டாங்கோ! அடக்கப் போனவனுக்கே ஒட்டிக்கிச்சிபா!"

"அதுக்கு நீங்க ஏன் நைனா வேர்க்கிறீங்க?"

"அட்த்தது நாமதான்!"

அன்றே மேனேஜர் அறைக்குள் ஓடினார். "சார், போர்ச்சுகல் போய்ட்ச்சி. உலைகிட்ட நிக்கிறவங்களுக்கு மோர் குடுத்துடுங்கோ!"

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நைனாவின் முகத்தைப் பார்த்ததில் பயம் அவருக்கும் ஒட்டிக்கொண்டது. மறுநாள் ஓர் அண்டா மோர் வந்தது. யூனியன் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத மோர்! நைனாவுக்கு அந்தப் பெயர் அன்றுதான் வந்தது. எத்தியோப்பியாவில் சக்கரவர்த்தியை இறக்கினார்கள். எங்களுக்குக் கை கழுவ சோப்பு கிடைத்தது.

எழுபத்தைந்தில் நெருக்கடி நிலை வந்தது; மறுவருஷம் தமிழ்நாட்டு ஆட்சியையும் கலைத்தார்கள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். நைனாவால் மட்டும் முடியவில்லை. ரயிலில் யாரிடமோ, "அட்த்தது நாமதான்" என்றிருக்கிறார். மறுநாள் காலையில் இரண்டு போலீஸ்காரர்கள் ஆலைக்கு வந்து அவரை அழைத்துப் போனார்கள். புரட்சி பேசுகிறாராம்.

அந்த நாட்களில் போனவர் எப்போது திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் உலைக்காரர்கள் கிளம்பினார்கள், பின்னாலேயே மற்றவர்கள். கொடி இல்லை, கோஷம் இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே போய்ச் சும்மா நின்றோம். எங்களையும் உள்ளே தள்ளிவிடுவார்களோ என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லாக்கப் ஜன்னல் வழியே கூட்டத்தைப் பார்த்த நைனா போட்ட அலறல் தெருவரை கேட்டது.

"ஐயோ, வந்துட்ச்சி! சார், கதவ சாத்துங்கோ! நீங்களும் உள்ள வந்துடுங்கோ!"

இன்ஸ்பெக்டர் அவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த ஆளா புரட்சி பண்ணப் போறாரு? இட்டுக்கினு போங்கய்யா."

திரும்பும் வழியெல்லாம் நைனா எங்களைத் திட்டித் தீர்த்தார். "இன்னா தைரியத்துல வந்தீங்கோ? உங்களையும் புட்ச்சி போட்டிருந்தா? அத்தினி பேருக்கும் ஆப்சென்ட் போடறேன், இரு!"

சாயங்காலம் வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அன்றைய தேதியில், அத்தனை பெயருக்கு எதிரேயும், நடுங்கிக் கோணிய எழுத்தில் 'ஆஜர்' என்று எழுதியிருந்தார்.