சோட்டு நனைத்த பெட்டி

முருகன் படத்தின் கண்ணாடியில் மஞ்சளாக ஒரு துளி வழிந்திருந்தது. பழந்துணியால் அதைத் துடைத்து, முகர்ந்தும் பார்த்த பிறகுதான் சொர்ணம்மா மாடிப்படி ஏறி வந்தாள்.

"தம்பி, உங்க சோட்டு என் சாமிக்கு அபிஷேகம் பண்ணிருக்கு," என்றாள்.

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டான். டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் அவனும் மனைவியும் வாடகைக்கு இருந்தது பழைய மரவீட்டின் மாடி. கீழே வீட்டுக்காரி சொர்ணம்மா தாளித்தால் பலகை இடுக்கு வழியே மேலே மணக்கும். மேலே நாய்க்குட்டி சோட்டு, ராத்திரி அடைத்துவைக்கும் தன் பெட்டியை நனைத்தால் கீழே சொட்டும்.

குட்டியைத் துரத்தவும் வழியில்லை. சுனாமிக்கு மறுவருஷம் திருநெல்வேலியிலிருந்து கிழக்கே கடல் தாண்டி இந்தத் தீவுக்கு மாற்றலாகி வந்த முதல் வாரமே தரை லேசாக ஆடிவிட்டது. அன்றிலிருந்து அவன் மனைவி வசந்தகுமாரி ஓடத் தயாராகத் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். நிலநடுக்கம் நாய்க்கு முன்கூட்டியே தெரியும் என்று யாரோ சொல்ல, சோட்டு வந்து சேர்ந்தது. அவள் தூங்க ஆரம்பித்தாள். அவள் தூங்கியதால் அவனும் தூங்கினான்.

ஊரில் ஏழெட்டு நாய் வளர்த்த மச்சினன் யோகராஜுக்கு ஆவுடையப்பன் போன் போட்டான். படுக்கும் முன் ஒருதரம், காலை ஆறு மணிக்கு ஒருதரம் வெளியே விட்டால் போதும், பெட்டியையும் இடம் மாற்றுங்கள் என்றான் மச்சினன். பெட்டி சமையலறை மூலைக்குப் போனது. மறுநாள் காலை சொர்ணம்மாவின் தோசை மாவில் சொட்டியது.

சாக்கை மடித்து அடியில் போட்டான். சாக்கு நன்றாக ஊறி, இரண்டு நாள் சேர்த்து வைத்து, மூன்றாம் நாள் மொத்தமாக ரசத்தில் இறக்கியது.

"பஸ், போதும் தம்பி," என்றாள் சொர்ணம்மா இந்தி கலந்து. "ஞாயித்துக்கிழமைக்குள்ள குட்டி போகணும். இல்லேன்னா நீங்க போங்க."

அன்று மாலையே வசந்தகுமாரி அலமாரியிலிருந்து துணிப்பையை எடுத்துத் தூசி தட்டினாள்.

கடைசி முயற்சியாகக் காற்றும் வெளிச்சமும் படுகிற இடத்தில் வைக்கச் சொன்னான் மச்சினன். பெட்டியைக் கிழக்கு ஜன்னலடிக்கு நகர்த்தினான் ஆவுடையப்பன். அதற்கு நேர் கீழே சொர்ணம்மாவின் கணவர் ஜம்புலிங்கத்தின் கட்டில் இருப்பது அவனுக்கு நினைவில்லை.

சனிக்கிழமை படுக்குமுன் சோட்டுவைத் தானே தெருவுக்குக் கொண்டுபோய், கடைசிச் சொட்டுவரை காத்திருந்து தூக்கி வந்தான். ஞாயிறு ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. எழுந்து பார்த்தால் பெட்டிக்குள் குளம். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு அதில் நின்றிருந்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத ஜம்புலிங்கம் வந்துகொண்டிருந்தார். பனியன் தோளில் ஈரம். கையில் பாதி குடித்த டீ. பின்னாலேயே, வழக்கம்போல் இருட்டோடு தெருக்குழாய்க்குப் போயிருந்த சொர்ணம்மா, இடுப்பில் குடத்தோடு.

"இன்னிக்கே எங்கயாவது விட்டுட்டு வந்துடறேங்க," என்றான் ஆவுடையப்பன், அவர் கேட்கும் முன்பே. வசந்தகுமாரி குட்டியை ஈரத்தோடு அணைத்துக்கொண்டாள்.

ஜம்புலிங்கம் டீயைக் குடித்து முடித்தார். குட்டியின் கழுத்தைச் சொறிந்துவிட்டார். இனி ராத்திரியில் பெட்டியைத் தன் வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். காலையில் தானே திறந்துவிடுவாராம்.

"ராத்திரி பூரா நனைக்கிற சனியன நீங்க எதுக்குக் கட்டிக்கிட்டு அழணும்?" என்று குடத்தை இறக்கினாள் சொர்ணம்மா.

"அது ராத்திரியில ஒரு சொட்டு விட்டதில்லடி. நாலரைக்கு இங்க பளபளன்னு விடிஞ்சதும் எழுந்து, கதவைத் திறன்னு ஒரு மணி நேரம் கத்துது. இவங்கதான் இன்னும் திருநெல்வேலியில விடியட்டும்னு தூங்கறாங்க."